அலுமாரிக் கைபிடிக்குச் சரியான ஸ்குரூ ஆணி: தெரிவு செய்தலும் நீளம் குறைத்தலும்

வீட்டுப் பராமரிப்புப் பாடம்

திருக்கோவில் பிரதேசத்தில் புதிய வீடுகளில் குடியேறிய குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். அலுமாரி புதியது. வார்னிஷ் மணம்கூட இன்னும் மாறவில்லை. ஆனால் கைபிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளைகள் மட்டுமே இருக்கின்றன. ஒரு துளைக்குள்ளால் பழைய சீலைத் துண்டொன்று கோர்த்து முடியப்பட்டிருக்கும். கதவைத் திறப்பதற்கு அந்தச் சீலைத் துண்டைத்தான் பிடித்து இழுக்கிறார்கள்.

தம்பிலுவில் பக்கத்தில் ஒரு வீட்டில் இதைப் பற்றிக் கேட்டபோது அந்த வீட்டு அம்மா சொன்னார்: “ரெண்டு கிழமையில கைபிடி கழண்டு விழுந்திட்டு மகள். ஓடாவியாருக்கு ரெண்டு தரம் சொல்லி அனுப்பினன். இந்தச் சின்ன வேலைக்கு ஆரு வருவாங்க?” கழன்ற கைபிடியையும் இரண்டு ஆணிகளையும் பால்மா டின்னொன்றில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தோம். கைபிடியில் குறையொன்றும் இல்லை. ஓடாவியார் துளைத்த துளையும் சரியான இடத்தில்தான் இருந்தது. ஆணியின் நீளம் மட்டும் சில மில்லிமீற்றர் குறைவாக இருந்தது.

இதை எழுதும் நான் ஒரு கலைப்பட்டதாரி. ஸ்குரூ ஆணியின் நீளத்தைப் பற்றி அதற்கு முன் ஒருநாளும் யோசித்ததில்லை. பின்னர் தச்சு வேலை தெரிந்தவர்களிடம் கேட்டும், எமது களக் குழுவினருடன் சேர்ந்து பல வீடுகளில் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டவற்றையே இந்தப் பாடத்தில் தருகிறோம். இதற்கு மின்சாரம் தேவையில்லை, விலை கூடிய கருவியும் தேவையில்லை. வீட்டில் உள்ள எவரும் செய்யலாம்.

இது ஏன் முக்கியம்?

2004 டிசம்பர் 26 கடற்கோளில் இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. உயிர் தப்பியவர்களில் பலர் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அன்று இழந்தார்கள். அவற்றின் பிரதிகளைப் பெறுவதற்கு எத்தனை அலுவலகங்களுக்கு எத்தனை தடவை அலைந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். மீண்டும் பெற்ற பத்திரங்களும் பிள்ளைகளின் புத்தகங்களும் இப்போது இருப்பது இந்த அலுமாரிக்குள்தான்.

கைபிடி இல்லாத கதவை நாம் விளிம்பில் விரல் கொடுத்து இழுக்கிறோம். அப்படி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கதவு சற்று முறுகி, பிணைச்சலின் ஆணிகள் இளகுகின்றன. சில மாதங்களில் கதவு கீழே தாழ்ந்துவிடும், பிறகு முழுமையாக மூடாது. மூடாத கதவின் இடைவெளியால் மாரி காலத்து ஈரமும் கரப்பான் பூச்சியும் உள்ளே போகும். பத்திரம் பூஞ்சணம் பிடித்த பிறகுதான் கைபிடி நினைவுக்கு வரும்.

வேறொரு காரணமும் உண்டு. முழுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபா என்று அரசாங்கம் வழங்கிய உதவித்தொகை பலருக்குச் சுவருக்கும் கூரைக்குமே போதவில்லை. தளபாடம் பிற்பாடு கடன்பட்டோ நிவாரணமாகவோ வந்தது. எமது கரையோரத்தில், தமிழ் ஊரானாலும் முஸ்லிம் ஊரானாலும், வீடும் வீட்டுச் சாமான்களும் பெண்பிள்ளைக்குச் சேருவது வழக்கம். இந்த அலுமாரி நாளை ஒரு மகளின் வீட்டில் இருக்கப்போவது. அதைக் காப்பதற்கு ஒரு ஆணியைச் சரியாகத் தெரிவு செய்தால் போதும்.

கைபிடி ஏன் கழருகிறது?

கடையில் விற்கும் கைபிடிகளுடன் பெரும்பாலும் 25 மில்லிமீற்றர் நீளமான ஆணிகளே வருகின்றன. தொழிற்சாலையில் செய்யும் அலுமாரிக் கதவுகளின் தடிப்பு வழமையாக 16 அல்லது 18 மில்லிமீற்றர். அந்த ஆணி அந்தக் கதவுக்கென்றே அளந்து போடப்பட்டது.

எமது ஊர் ஓடாவிமார் அலுமாரி செய்வது அப்படியல்ல. ஒரு அங்குலப் பலகையை எடுத்துச் சீவுளி போட்டு மட்டம் செய்வார்கள். சீவிய பின் கதவின் தடிப்பு 20 முதல் 22 மில்லிமீற்றர் வரை வரும். 22 மில்லிமீற்றர் கதவைத் தாண்டி 25 மில்லிமீற்றர் ஆணி வெளியே வருவது வெறும் 3 மில்லிமீற்றர். அந்த 3 மில்லிமீற்றரில்தான் கைபிடி முழுவதும் தொங்குகிறது. தொடக்கத்தில் பிடிக்கும். நாளுக்கு இருபது தடவை இழுக்கும்போது கைபிடிக்குள் இருக்கும் மென்மையான உலோகப் புரி தேய்ந்து வழுகிவிடும்.

எதிர்மாறான குறையும் உண்டு. மெல்லிய ஒட்டுப்பலகைக் கதவில் அதே ஆணி நீளம் கூடிவிடும். ஆணியின் முனை கைபிடித் துளையின் அடியில் முட்டி நின்றுவிட, தலை கதவில் அமராது. எவ்வளவு முறுக்கினாலும் கைபிடி ஆடிக்கொண்டே இருக்கும். கோபத்தில் இன்னும் முறுக்கினால் கைபிடியின் முன்பக்கம் புடைக்கும், அல்லது வெடிக்கும்.

ஆகவே ஆணி குறைவாகவும் இருக்கக்கூடாது, கூடவும் கூடாது. சரியான அளவுக்கு இடையில் எமக்குக் கிடைக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீற்றர் அளவுதான்.

ஆணியை அறிந்துகொள்வோம்

கைபிடிகளில் இரண்டு வகை உண்டு. முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

முதல் வகை, கதவின் உட்பக்கத்தால் ஆணி செலுத்திப் பூட்டுவது. ஆணி கதவை ஊடறுத்து வந்து கைபிடிக்குள் இருக்கும் புரியில் ஏறும். இந்த ஆணிக்குக் கூர் முனை இல்லை, முனை மட்டமாக இருக்கும். தலை முதல் முனை வரை ஒரே பருமன். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள, எம் 4 எனப்படும் ஆணி. அதன் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 0.7 மில்லிமீற்றர். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஆணி 0.7 மில்லிமீற்றர் உள்ளே போகும். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், பின்னர் உதவும்.

இரண்டாம் வகை, முன்பக்கத்தால் பூட்டுவது. கைபிடியின் இரு முனையிலும் தட்டையான காது இருக்கும். அதன் துளைக்குள்ளால் கூர் முனையுள்ள மர ஆணி செலுத்தப்படும். இந்த ஆணி கதவின் மறுபக்கம் வெளியே வரக்கூடாது. காதின் தடிப்பையும் கதவுத் தடிப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கையும் கூட்டினால் வருவது சரியான நீளம். 18 மில்லிமீற்றர் கதவு, 2 மில்லிமீற்றர் காது என்றால் 16 மில்லிமீற்றர், அதாவது எட்டில் ஐந்து அங்குலம் என்று கடையில் கேட்கும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய ஆணி பொருந்தும். முக்கால் அங்குல ஆணி 19 மில்லிமீற்றர். அது மறுபக்கத்தில் புடைப்பை உண்டாக்கி, உள்ளே தொங்கும் உடுப்பைக் கிழிக்கும். மர ஆணியை ஒருபோதும் வெட்டிக் குறைக்காதீர்கள். கூர் போனால் அது மரத்தைக் கடிக்காது. குறைந்த நீளத்தில் வேறு ஆணி வாங்குவதே வழி.

இனி வரும் பகுதி முதல் வகைக்கு உரியது.

நீளத்தை எங்கிருந்து அளப்பது? தலை மேலே நிற்கும் ஆணியானால் தலைக்குக் கீழிருந்து முனை வரை. தலை மரத்துக்குள் அமிழும் சரிவான தலையானால் தலையையும் சேர்த்து. கடைக்காரர் “நாலுக்கு முப்பது” என்றால் 4 மில்லிமீற்றர் விட்டம், 30 மில்லிமீற்றர் நீளம் என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. பழைய கைபிடிகள் சிலவற்றில் முப்பத்திரண்டில் ஐந்து அங்குலப் புரி இருக்கும். இது 1841 இல் ஜோசப் விற்வேர்த் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் முன்வைத்த அங்குல முறையைச் சேர்ந்தது. அதன் விட்டம் 3.97 மில்லிமீற்றர். பார்வைக்கு எம் 4 போலவே இருக்கும். ஆனால் புரியிடைவெளி 0.79 மில்லிமீற்றர். எம் 4 ஆணியை அதில் ஏற்றினால் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு இறுகும். “கறள் பிடித்திருக்கிறது போல” என்று நினைத்து பலத்தைப் போட்டால் கைபிடி வீணாகும். சரியான ஆணி வெறும் விரலால் ஐந்தாறு சுற்று இலகுவாக ஏற வேண்டும். அதனால் கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் கைபிடியையும் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே விரலால் திருகிப் பார்த்து வாங்குங்கள்.

சரியான நீளத்தைக் காண்பது: ஈர்க்கு முறை

அளவுகோல் இல்லாவிட்டாலும் செய்யலாம். விளக்குமாற்றில் இருந்து நல்ல ஈர்க்கு ஒன்றும் ஒரு பேனாவும் போதும்.

1. ஈர்க்கைக் கைபிடியின் ஆணித் துளைக்குள் அடி முட்டும் வரை விடுங்கள். விளிம்பில் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து, அந்த இடத்தில் பேனாவால் கோடிடுங்கள். இது துளையின் ஆழம். பல கைபிடிகளில் இது 8 முதல் 10 மில்லிமீற்றர் வரை இருக்கும். இரண்டு துளைகளையும் அளக்க வேண்டும். சில கைபிடிகளில் ஒன்று மற்றதைவிட ஆழம் குறைவாக இருக்கும்.

2. அந்தக் கோட்டில் இருந்து முனைப் பக்கமாக 1 மில்லிமீற்றர் உள்ளே இன்னொரு கோடிடுங்கள். ஆணி போகக்கூடிய எல்லை இதுதான். மரம் வரட்சியில் சற்றுச் சுருங்கும், ஆணித் தலையும் மரத்தில் சற்று அமிழும். அப்போது ஆணி இன்னும் கொஞ்சம் உள்ளே போக இடம் வேண்டும். அதற்காகவே இந்த 1 மில்லிமீற்றர்.

3. கைபிடியை வைக்காமல், ஆணியை மட்டும் கதவின் உட்பக்கத்தால் துளைக்குள் விட்டுத் தலையை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். முன்பக்கத்தில் ஆணி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். ஈர்க்கைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள்.

4. வெளியே நிற்கும் துண்டு 5 மில்லிமீற்றருக்குக் குறைவானால் ஆணி குறைவு. இரண்டாவது கோட்டைத் தாண்டினால் ஆணி கூட. இரண்டுக்கும் இடையில் நின்றால் அதுவே உங்கள் ஆணி.

ஐந்து மில்லிமீற்றர் ஏன்? ஒரு சுற்றுக்கு 0.7 மில்லிமீற்றர் என்றால் 5 மில்லிமீற்றருக்கு ஏழு சுற்று. ஏழு புரிகள் பாரத்தைப் பகிர்ந்து தாங்கும்போது ஒரு புரியும் தேயாது. 3 மில்லிமீற்றரில் நான்கு புரிகள்தான். அதிலும் ஆணியின் முனையிலுள்ள முதற் புரி அரைகுறையாகவே பிடிக்கும். கைபிடியைப் பூட்டும்போது சுற்றை எண்ணிப் பாருங்கள். புரி பிடித்ததில் இருந்து இறுகும் வரை ஏழு சுற்றாவது வர வேண்டும்.

துளை ஆழம் 8 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டு சில உதாரணங்கள்:

12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை: தேவை 17 முதல் 19 வரை. 25 ஆணியை 18 ஆக வெட்டுங்கள்.

16 மில்லிமீற்றர் சிப்போட்: தேவை 21 முதல் 23 வரை. 25 ஆணியை 22 ஆக வெட்டுங்கள், அல்லது இரண்டு வாசர் போடுங்கள்.

18 மில்லிமீற்றர் பலகை: தேவை 23 முதல் 25 வரை. கைபிடியுடன் வந்த 25 ஆணியே போதும்.

22 மில்லிமீற்றர் சீவிய பலகை: தேவை 27 முதல் 29 வரை. 25 குறைவு. 30 வாங்கி 28 ஆக வெட்டுங்கள், அல்லது ஒரு வாசர் போடுங்கள்.

25 மில்லிமீற்றர் பலகை: தேவை 30 முதல் 32 வரை. 30 ஆணி பொருந்தும்.

லாச்சிக்கு இன்னொரு கவனம் வேண்டும். பல லாச்சிகளில் உட்பலகை ஒன்று, அதன்மேல் அலங்காரப் பலகை ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டின் தடிப்பையும் கூட்டியே கணக்குப் பாருங்கள். 12 உம் 18 உம் சேர்ந்தால் 30. அதற்கு 35 மில்லிமீற்றர் ஆணி தேவை.

நீளம் கூடினால்: முதலில் வாசர், பிறகு வாள்

ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் மட்டும் கூடினால் வெட்ட வேண்டியதில்லை. ஆணித் தலைக்கும் கதவுக்கும் இடையில் 1 மில்லிமீற்றர் தடிப்பான அகன்ற வாசர் ஒன்று அல்லது இரண்டு போட்டால் சரியாகும். அகன்ற வாசருக்கு வேறு நன்மையும் உண்டு. இழுக்கும் பாரத்தை அது பரந்த இடத்தில் பகிர்வதால் மென்மையான மரத்திலும் சிப்போட்டிலும் ஆணித் தலை புதையாது. மூன்று வாசருக்கு மேல் அடுக்க வேண்டாம். தலை வெளியே துருத்தி நின்று உடுப்பில் மாட்டும். அதைவிடக் கூடுதலானால் வெட்டுவதே நல்லது.

ஆணியை வெட்டும் முறை

தேவையானவை: இரும்பு அரியும் வாள், சிறிய அரம், அந்த ஆணிக்குப் பொருந்தும் நட்டு ஒன்று, ஓடாவியார் விட்டுச் சென்ற பலகைத் துண்டு. வாளின் பிளேட் சிறிய பற்கள் உள்ளதாக இருக்கட்டும். அங்குலத்துக்கு 32 பல் உள்ளது மிக நல்லது, 24 உம் பரவாயில்லை. பெரிய பல் மெல்லிய ஆணியில் மாட்டித் துள்ளும். பற்களின் கூர் கைபிடிக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது முன்னோக்கி இருக்குமாறு பிளேட்டைப் பூட்டுங்கள்.

இறுக்கிப் பிடிப்பதற்கு வைஸ் இல்லாத வீட்டுக்கே இந்த முறை.

1. கதவின் தடிப்புள்ள, ஒரு முழ நீளமான பலகைத் துண்டில் ஒரு துளையிடுங்கள். ஆணியைக் கீழிருந்து அதற்குள் விட்டு, மேலே நட்டைப் போட்டு நன்றாக இறுக்குங்கள். ஆணி இப்போது பலகையோடு அசையாமல் நிற்கும்.

2. ஆணித் தலைக்குக் கீழிருந்து தேவையான நீளத்தை அளந்து, வெட்ட வேண்டிய இடத்தில் பேனாவால் அடையாளமிடுங்கள். அடையாளம் நட்டுக்கு மேலே ஏறத்தாழ 3 மில்லிமீற்றரில் வரும். நட்டின் உயரம் 3 மில்லிமீற்றர், எமக்குக் கதவுக்கு வெளியே வேண்டியது ஏறத்தாழ 6. ஆகவே கதவின் தடிப்புள்ள துண்டையே எடுத்தால் கணக்குத் தானாகச் சரிவரும்.

3. பலகையைத் திண்ணையிலோ படியிலோ வைத்து, ஒரு முழங்காலால் அழுத்திக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை வாளை உங்கள் பக்கமாக மெதுவாக இழுத்து ஒரு சிறு பள்ளம் உண்டாக்குங்கள். அதன் பிறகு முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் இலேசாக அழுத்தி அரியுங்கள். அவசரம் வேண்டாம். முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைத்து, வெட்டுப்படும் துண்டை மற்றக் கையின் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

4. வெட்டிய ஆணி சூடாக இருக்கும், உடனே தொடாதீர்கள். சற்றுப் பொறுத்து, அரத்தைச் சரிவாகப் பிடித்து முனையைச் சுற்றிவர ராவுங்கள். விளிம்பு சற்றுச் சரிந்து, பிசிர் இல்லாமல் வர வேண்டும்.

5. இப்போது நட்டைக் கழற்றுங்கள். நட்டு முனையைத் தாண்டி வெளியே வரும்போது, வெட்டில் சிதைந்த புரியை அதுவே நேராக்கிவிடும். முதலிலேயே நட்டைப் போட்டதற்கு இதுதான் காரணம். முனையில் நட்டு இறுகினால் முன்னும் பின்னுமாகத் திருப்பி மெதுவாக எடுங்கள்.

6. இரும்புத் தூளைத் துடைத்துவிட்டு, ஆணியைக் கைபிடிக்குள் விரலால் ஏற்றிப் பாருங்கள். இலகுவாக ஏறினால் வேலை முடிந்தது. ஏறாவிட்டால் மீண்டும் ராவுங்கள். பிளையரால் பிடித்துத் திணிக்க வேண்டாம்.

குறடாலோ கம்பி வெட்டியாலோ நறுக்கினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நறுக்கலாம், ஆனால் முனை நசுங்கிப் புரி சப்பையாகிவிடும். துண்டும் தெறித்துக் கண்ணில் படலாம். மின்னிணைப்பு வேலை செய்பவர்களிடம் உள்ள ஒரு வகைக் கருவியில் 3, 4, 5 என்று இலக்கமிட்ட புரித் துளைகள் இருக்கும். ஆணியை அந்தத் துளையில் திருகி நெரித்தால் நேர்த்தியாக வெட்டும். அயலில் ஒருவரிடம் இருந்தால் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பு: கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். வெட்டிய துண்டுகளை எண்ணிப் பொறுக்குங்கள். வெறுங்காலோடும் தவழ்ந்தும் திரியும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு துண்டும் தரையில் கிடக்கக்கூடாது.

துளையிடலும் பூட்டலும்

புதிதாகத் துளையிடுவதானால், கைபிடித் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 96 மில்லிமீற்றர், 128 மில்லிமீற்றர் என்பவை வழமையான அளவுகள். அந்த அளவுக்கு ஒரு மட்டையை வெட்டி இரண்டு துளைகளைக் குத்தினால், எல்லாக் கதவுக்கும் அதே மட்டையை வைத்து அடையாளமிடலாம். அடையாளத்தில் ஆணியால் சிறு குழி குத்திவிட்டு, 4.5 அல்லது 5 மில்லிமீற்றர் அலகால் முன்பக்கமிருந்து துளையுங்கள். மறுபக்கத்தில் பலகைத் துண்டொன்றை அழுத்திப் பிடித்தால் மரம் பிளந்து தெறிக்காது.

பூட்டும்போது இரண்டு ஆணிகளையும் பாதியளவு ஏற்றிவிட்டு, பிறகு மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிய பின் மற்றதைத் தொடங்கினால் அது புரியில் கோணலாக ஏறும். தலை கதவைத் தொட்ட பின் கால் சுற்று போதும்.

உப்புக் காற்றும் கறளும்

கடற்கோளின் பின் 2005 இல் வடக்கு கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டக் கூடாதென்று எல்லை அறிவிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. வீடு எங்கு அமைந்தாலும் திருக்கோவில் முதல் பொத்துவில் வரை உப்புக் காற்று வந்தே தீரும்.

சாதாரண ஆணியைக் காப்பது அதன் மேலுள்ள நாகப் பூச்சு. நாம் வெட்டிய முனையில் அந்தப் பூச்சு இல்லை. எனவே பூட்ட முன் முனையில் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள். அதுவும் இல்லாவிட்டால் கியூட்டெக்ஸ் எனப்படும் நகப் பூச்சை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். சவர்க்காரம் தடவினால் ஆணி இலகுவாக ஏறும் என்பார்கள். சவர்க்காரம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், கறள் கூடும். மெழுகுதிரி தடவுவது அதைவிட நல்லது.

கைக்கு எட்டும் விலையானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி வாங்குங்கள். அதற்குப் பூச்சுத் தேவையில்லை, வெட்டினாலும் குறையில்லை. பித்தளைக் கைபிடிக்குச் சாதாரண இரும்பாணி போட வேண்டாம். இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரும்பு விரைவாக அரித்துப்போகும்.

எமது பக்கத்தில் மாரி மழையில் மரம் ஊதும், கச்சான் காற்றுக் காலத்தில் வரண்டு சுருங்கும். சுருங்கும்போது இறுக்கிய ஆணியும் இளகும். ஆகவே கச்சான் தொடங்கி ஒரு மாதத்தில் ஒருமுறையும், மாரி முடிந்த பின் ஒருமுறையும் எல்லாக் கைபிடிகளையும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அன்றே கால் சுற்று இறுக்குங்கள்.

ஏற்கெனவே பழுதாகி இருந்தால்

கைபிடிக்குள் புரி தேய்ந்திருந்தாலும் உடனே வீச வேண்டாம். ஈர்க்கால் ஆழத்தைப் பாருங்கள். குறைந்த ஆணி ஏறிய முதல் 3 மில்லிமீற்றர் மட்டுமே தேய்ந்து, அதற்கு அப்பால் நல்ல புரி இருக்கலாம். சரியான நீளமுள்ள ஆணி அந்த நல்ல புரியைப் பிடிக்கும். தொடக்கத்தில் சொன்ன அம்மாவின் கைபிடி அப்படித்தான் தப்பியது. பழைய ஆணிக்குப் பதிலாக 30 மில்லிமீற்றர் ஆணியை 28 ஆக வெட்டிப் பூட்டினோம். வாளைப் பிடித்தது பாடசாலை செல்லும் அவருடைய மகள். சீலைத் துண்டை அவரே அவிழ்த்து எடுத்தார்.

கதவுத் துளை பெரிதாகிவிட்டால், உட்பக்கத்தில் அகன்ற வாசர் போடுங்கள். சிப்போட் ஈரத்தில் ஊதிப் பொருமியிருந்தால், இரு துளைகளையும் மூடும்படி மெல்லிய தகரப் பட்டியொன்றை வாசருக்குப் பதிலாக வைக்கலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கைபிடியைக் கழற்றிப் பின்வரும் கேள்விகளுக்கு விடை காணுங்கள். சங்கக் கூட்டத்துக்கு வரும்போது விடைகளையும் அளந்த ஈர்க்கையும் கொண்டுவாருங்கள்.

1. கதவின் தடிப்பு எவ்வளவு?
2. கைபிடித் துளையின் ஆழம் எவ்வளவு?
3. ஆணி கதவுக்கு வெளியே எவ்வளவு நிற்கிறது? அது போதுமா, குறைவா, கூடவா?
4. 20 மில்லிமீற்றர் கதவு, துளை ஆழம் 9 மில்லிமீற்றர். ஆணி எந்த நீளத்துக்குள் இருக்க வேண்டும்?

நான்காவது கேள்விக்கு விடை: குறைந்தது 20 உம் 5 உம் சேர்ந்து 25. கூடியது 20 உம் 9 உம் சேர்ந்து 29, அதில் 1 கழித்தால் 28. ஆகவே 25 முதல் 28 வரை. கைபிடியுடன் வந்த 25 ஆணி மட்டுமட்டாகப் பொருந்தும். வாசர் போட்டால் குறைந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

ஒரு வாளும் ஒரு அரமும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை. பத்து வீட்டுக்கு ஒன்று போதும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ பொதுவில் வாங்கி வைத்து, தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்து வாங்கலாம். ஒருவர் கற்றுக்கொண்டால் அயலில் உள்ள மற்றவருக்கும் காட்டிக் கொடுங்கள்.